கீட்ஸைப் பாடியவர்கள்

1818 ஜூலை மாதம். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸுக்கு வயது 22. நண்பர் சார்லஸ் பிரௌனுடன் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியிலிருந்து ஸ்காட்லாந்துக்குள் நடந்தே போய்க்கொண்டிருந்தார். வழியில் அலோவே என்ற சிற்றூர். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த குடிசை அங்கேதான் இருக்கிறது. பர்ன்ஸ் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. குடிசை விஸ்கி விற்கும் கடையாகிவிட்டிருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பர்ன்ஸுக்கு ஒரு சானட் (பதினான்கு அடிக் கவிதை) எழுதிவிட வேண்டும் என்ற ஆசையோடு கீட்ஸ் உள்ளே நுழைந்தார். குடிசையைப் பார்த்துக்கொண்ட கிழவர் விட்டால்தானே! பர்ன்ஸோடு பழகியவராம். வந்தவர்களை நிறுத்திவைத்துப் பழங்கதை பேசுகிறார், இடையிடையே குடிக்கிறார். கால் மணிக்கு ஐந்து கோப்பை, மணிக்குப் பன்னிரண்டு என்று கீட்ஸ் கணக்கே எழுதியிருக்கிறார். பர்ன்ஸுடன் பேசிய குற்றத்துக்காகவே இந்தக் கிழக்கழுதையை உதைக்க வேண்டும் என்று நண்பர் ரெனால்ட்ஸுக்குக் கடிதத்தில் பொருமுகிறார். கிழவரின் சளசளப்பில் உன்னதமெல்லாம் ஓடிப்போயிற்று; எழுதிய சானட்டும் சப்பென்று அமைந்துவிட்டது என்பது அவருடைய குறை. படியெடுத்து அனுப்பக்கூட அதற்குத் தகுதியில்லை என்று விட்டுவிட்டார்.

பின்னாளில் அது அச்சேறியது. கீட்ஸ் சொன்னது பெரும்பாலும் உண்மைதான், நல்ல சானட் இல்லை. ஆனாலும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். ‘ஆயிரம் நாள் வாழப்போகும் இந்த உடல், பர்ன்ஸே, இப்போது உன் அறையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது’ என்று தொடங்குகிறார். அந்த நாளிலிருந்து அவர் வாழ்ந்தது ஆயிரத்துக்குச் சில வாரங்கள் குறைவாகத்தான். அவருக்கு அது எப்படித் தெரியும்! ஏதோ வாய்க்கு வந்த எண். நான் திரும்பத் திரும்பப் படிப்பது பிற்பகுதியை. விஸ்கி ஏறிய தலை. எதுவும் சரியாகக் கண்ணில் படவில்லை. ஆனாலும் உன் வீட்டுத் தரையில் என் காலை ஊன்றித் தட்ட முடிகிறது, உன் ஜன்னலைத் திறந்து நீ மறுபடி மறுபடி நடந்த புல்வெளியைப் பார்க்க முடிகிறது என்கிறார். தரை, ஜன்னல், புல்வெளி. ஒரு கவிஞன் இன்னொரு கவிஞனுக்குச் செலுத்தும் மரியாதையில் இதைவிட நேர்மையானது என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எந்தக் கவிஞனைப் பற்றி ஆங்கிலத்தில் அதிகமான அஞ்சலிக் கவிதைகள் எழுதப்பட்டன என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்களா, தெரியவில்லை. எண்ணினால் கீட்ஸ் முன்வரிசையில் நிற்பார். அவற்றில் பெரியது, புகழ் பெற்றது, கல்லூரிப் பாடத்திட்டங்களில் தவறாமல் இடம்பிடித்தது அவர் காலத்துக் கவிஞர் ஷெல்லியின் ‘அடோனெய்ஸ்’. நாங்களும் படித்தோம். கிரேக்க ஆயர் மரபில் அமைந்த இரங்கற்பா, பண்டைக் கிரேக்கக் கவிஞர்கள் பயோனையும் மாஸ்கஸையும் பின்பற்றியது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது.

1821 பிப்ரவரி 23 இரவு, ரோமில், ஸ்பானியப் படிகளை ஒட்டிய வீட்டில் கீட்ஸ் காசநோயால் இறந்தார். 25 வயது. கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஓவியர் ஜோசப் செவர்ன். பீசாவில் குடியிருந்த ஷெல்லிக்குச் செய்தி ஏப்ரலில்தான் எட்டியது. மளமளவென்று எழுதினார். 55 செய்யுள்கள், 495 அடிகள். ஜூலையில் பீசாவிலேயே அச்சிட்டும்விட்டார். தன் படைப்புகளில் இதைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம்.

இத்தனைக்கும் இருவரும் நெருங்கிய நண்பர்கள் அல்லர். கவிஞரும் இதழாசிரியருமான லீ ஹன்ட் வீட்டில் சந்தித்துக்கொண்டவர்கள். ஷெல்லி ஒரு பாரனெட்டின், அதாவது பரம்பரைப் பட்டம் உள்ளவரின், மகன். கீட்ஸின் தந்தை குதிரை லாயம் நடத்தியவர். அந்த இடைவெளியைக் கீட்ஸ் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. நோய் முற்றிய 1820-இல் பீசாவுக்கு வந்து தங்களோடு தங்கும்படி ஷெல்லி அன்போடு எழுதினார். கீட்ஸின் பதிலில் நன்றி இருந்தது. கூடவே ஒரு குத்தலும் இருந்தது. உங்கள் கவிதையின் ஒவ்வோர் இடுக்கையும் தாதுப்பொருளால் நிரப்புங்கள் என்று அறிவுரை சொல்லியிருந்தார். அவசரமாக எழுதாதே, செறிவாக எழுது என்று அர்த்தம். சாகக் கிடக்கும் ஒருவர், தன்னை விருந்துக்கு அழைத்த மூத்தவருக்கு இப்படி எழுதுகிறார். எனக்கு இந்தக் கீட்ஸைப் பிடிக்கும்.

‘அடோனெய்ஸில்’ இந்தக் கீட்ஸ் இல்லை. அதில் இருப்பவர் துயருற்ற கன்னி ஒருத்தி பேணி வளர்த்த வெளிறிய பூ. மழைக்குப் பின் ஒடிந்து கிடக்கும் அல்லி. 1818-இல் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழ் கீட்ஸின் நெடுங்கவிதை ‘எண்டிமியோனை’க் கிழித்து எழுதிய மதிப்புரைதான் அவரைக் கொன்றது என்று ஷெல்லி உறுதியாக நம்பினார். மதிப்புரை மனத்தைத் தாக்கியது, அதனால் நுரையீரலில் ரத்தக் குழாய் வெடித்தது என்று முன்னுரையிலேயே எழுதினார். மதிப்புரையில் பெயர் இல்லை. எழுதியவர் ஜான் வில்சன் க்ரோக்கர் என்பது பின்னர் தெரிந்தது. கவிதைக்குள் அந்தப் பெயரில்லாத ஆளைச் சபிக்கும் இடம் வேகமாக இருக்கிறது. நினைவுகூரப்படும் ஒரு பெயரின் மீது விழுந்த, பெயரற்ற கறை நீ என்கிறார்.

உண்மை வேறு. தாய் காசநோயில் போனார். தம்பி டாம் 1818 டிசம்பர் 1 அன்று அதே நோயில் போனார்; மாதக் கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ்தான். 1820 பிப்ரவரியில் ஓர் இரவு இருமியபோது விரிப்பில் விழுந்த சொட்டை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இந்த நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இதுதான் என் மரண ஆணை என்றார். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் பயின்று மருந்தாளராக உரிமம் பெற்றவர். அவருக்குத் தெரியாதா என்ன! ‘பிளாக்வுட்ஸ்’ இதழ் அந்தத் தொழிலைச் சுட்டித்தான் அவரைக் கேலி செய்திருந்தது. மருந்துக் கடைக்கே திரும்பிப் போ, பிளாஸ்திரியும் மாத்திரையும் களிம்பு டப்பாவும் காத்திருக்கின்றன என்று எழுதியிருந்தது. அந்த வசைகளுக்கெல்லாம் கீட்ஸ் ஒடிந்து விழவில்லை. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் தன் எழுத்தைத் தானே கடுமையாக எடைபோடுகிறவனைக் கணநேரம்தான் பாதிக்கும் என்று 1818 அக்டோபரிலேயே பதிப்பாளர் ஹெஸ்ஸிக்கு எழுதினார். இறந்த பிறகு ஆங்கிலக் கவிஞர்களின் வரிசையில் நான் இருப்பேன் என்று நினைக்கிறேன் என இன்னொரு தம்பி ஜார்ஜுக்குக் குடும்பச் செய்திகளுக்கு நடுவே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளியில் அடிதடிக்குப் பெயர் போன, குள்ளமான, ரோஷக்காரப் பையன். அல்லிப் பூவாம்!

கவிஞர் பைரனுக்கு இது வாய்க்கு அவலாகிப்போயிற்று. மனம் என்னும் அந்த நெருப்புத் துணுக்கு ஒரு கட்டுரை ஊதி அணைந்துவிடுவது விசித்திரம்தான் என்று ‘டான் ஜுவானின்’ பதினொன்றாம் காண்டத்தில் நக்கலடித்தார். ஷெல்லியின் கண்ணீரும் பைரனின் சிரிப்பும் சேர்ந்து அந்தப் பொய்யை ஒரு நூற்றாண்டு காப்பாற்றின.

அப்படியானால் ஷெல்லி யாரைப் பாடினார்? கவிதையின் நடுவில் துக்கம் கேட்க வரும் கவிஞர்களின் ஊர்வலம் ஒன்று வருகிறது. பைரனும் ஐரிஷ் கவிஞர் தாமஸ் மூரும் ஒரே செய்யுளுக்குள் வந்து போய்விடுகிறார்கள். லீ ஹன்டுக்கு ஒன்று. இடையில் பெயர் சொல்லாத ஒருவர் வருகிறார்: மெலிந்த உருவம், துணையற்ற ஆவி, சிறுத்தையின் வேகமும் அழகும், நெற்றியில் காயீனுடையதோ கிறிஸ்துவினுடையதோ எனத் தோன்றும் ரத்தத் தழும்பு. அவருக்கு நான்கு செய்யுள்கள்! அது ஷெல்லியேதான். பிறன் விதியில் தன் விதிக்காக அழுதவன் என்று அவரே ஒப்புக்கொண்டும்விடுகிறார். இதழ்களில் வசை வாங்கியவரும் நாடு துறந்து வந்தவரும் அவர்தான். கீட்ஸின் உடலுக்குப் பக்கத்தில் தன்னுடைய படத்தை மாட்டிவிட்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டாலும் கவிதை பெரியது. அதை மறைக்க எனக்கு மனமில்லை. வசந்தம் திரும்பி வருகிறது, எறும்பும் தேனீயும் தகைவிலான் குருவியும் திரும்பி வருகின்றன, போனவன் வரவில்லை என்று குமுறும் இடம் அருமை. (ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ என்று ஒரே அடியில் கேட்டுவிட்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) இயற்கையோடு ஒன்றாகிவிட்டான், இடியின் முனகலிலிருந்து இரவுப் பறவையின் பாட்டுவரை எல்லாவற்றிலும் அவன் குரல் கேட்கிறது என்று சொல்லும் இடத்தில்தான் ஷெல்லி முதல்முறையாகக் கீட்ஸைக் காது கொடுத்துக் கேட்கிறார், அந்த இரவுப் பறவை கீட்ஸின் நைட்டிங்கேல். கடைசிப் பகுதியில் ரோமின் புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறார். பழைய ரோமானியக் கல்லறையான செஸ்டியஸின் பிரமிடு, இடிந்த மதில், புல். இவ்வளவு இனிய இடத்தில் புதைக்கப்படுவோம் என்று எண்ணினால் மரணத்தின்மீதே காதல் வந்துவிடும் என்று முன்னுரையில் எழுதியிருந்தார். ஷெல்லியின் மூன்று வயது மகன் வில்லியம் 1819-இல் அதே தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டான். அங்கே நின்று, வீடு திரும்பினால் உன் கிணறும் கண்ணீராலும் கசப்பாலும் நிறைந்திருப்பதைக் காண்பாய் என்று எழுதுகிறவர் கற்பனைத் துக்கம் கொண்டாடவில்லை. இந்த அடிகளுக்காக அந்த நான்கு செய்யுள்களை நான் மன்னித்துவிடுகிறேன்.

முடிவில் அவருடைய உயிர்ப்படகு கரையை விட்டு விலகிப் புயலுக்குள் போகிறது. மறு ஆண்டு 1822 ஜூலை 8 அன்று லிவோர்னோவிலிருந்து லெரிச்சிக்குத் திரும்பும் வழியில் ஷெல்லியின் படகு புயலில் சிக்கியது. வியாரெஜ்ஜியோ அருகே கரையொதுங்கிய உடலில், சட்டைப்பையில், படித்துக்கொண்டிருந்தபோது அவசரமாக மடக்கித் திணித்ததுபோல் ஒரு புத்தகம் இருந்தது. கீட்ஸின் கடைசிக் கவிதைத் தொகுப்பு. லீ ஹன்டிடம் இரவல் வாங்கியது. அஞ்சலி என்றால் 495 அடிகளைவிட இதுதான் பெரியது என்று சிலசமயம் நினைப்பேன்.

‘அடோனெய்ஸ்’ அப்போது விற்கவில்லை. பீசா பதிப்பின் ஒரு பிரதியை ஆர்தர் ஹாலம் என்ற இளைஞர் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார். அவரும் கேம்பிரிட்ஜ் நண்பர்களும் 1829-இல் அதை மறுபதிப்பாக்கினார்கள். அந்த நண்பர்களில் ஒருவரான ரிச்சர்ட் மான்க்டன் மில்ன்ஸ்தான் 1848-இல் கீட்ஸின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பொய்யான சித்திரம் உண்மையான கவிஞனைத் தேட வைத்தது. ஹாலம் 1833-இலேயே இளம் வயதில் இறந்தார். அவருக்காக டென்னிசன் எழுதிய இரங்கற்பா விக்டோரியா காலத்தையே அழவைத்தது. ஆனால் அது வேறு கதை.

கல்லறைக்கு வருவோம். தன் பெயர் வேண்டாம், ‘நீரில் எழுதப்பட்ட பெயருடையவன் இங்கே கிடக்கிறான்’ என்ற ஒரே வரி போதும் என்று கீட்ஸ் சொல்லியிருந்தார். செவர்னும் பிரௌனும் சேர்ந்து அதற்கு மேலே, எதிரிகளின் தீய வலிமையால் உள்ளம் கசந்து மரணப் படுக்கையில் சொன்னது என்று நீட்டிவிட்டார்கள். பிரௌன் பிறகு அதற்காக வருந்தினார். கல்லில் வெட்டியாயிற்றே! 1870-களில் பக்கத்துச் சுவரில் கீட்ஸின் பக்கவாட்டு முகம் செதுக்கிய பளிங்குப் பலகை ஒன்றும் வந்தது. அதில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கவிஞரின் பெயர் வரும்படி ஐந்து அடிச் செய்யுள் ஒன்று. எல்லா மொழியிலும் இந்தச் சித்திரக்கவி ஆசை இருக்கிறது. 1877-இல் அங்கே வந்த ஆஸ்கார் வைல்டுக்கு அந்தச் செதுக்கல் அறவே பிடிக்கவில்லை. வந்தவரும் ஒரு சானட் எழுதினார். அதில் கீட்ஸ் அம்புகள் தைத்த புனித செபாஸ்தியனைப்போல் அழகான, வயதில் மிக இளைய தியாகி. மறுபடியும் அல்லிப் பூ. 1885-இல் கீட்ஸ் ஃபேனி ப்ரானுக்கு எழுதிய காதல் கடிதங்கள் லண்டனில் ஏலம் போனபோது வைல்ட் எழுதிய சானட்டை நான் அதற்குமேல் வைப்பேன். அதில் கோபம் இருக்கிறது. நாடித்துடிப்பு ஒவ்வொன்றுக்கும் விலை கூவும் வியாபாரிகளைக் கண்ணால் பார்க்கிறோம்.

இந்த அஞ்சலிகளில் நான் முதலிடம் கொடுப்பது ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டிக்கு. 1820 செப்டம்பரில் இத்தாலிக்குப் போகும் கப்பல் காற்றில்லாமல் தயங்கியபோது கீட்ஸ் டார்செட் கரையில் இறங்கினார் என்று சொல்வார்கள். அது ஹார்டியின் சொந்த மாவட்டம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 80 வயதில், ஹார்டி ‘லல்வொர்த் குடாவில், ஒரு நூற்றாண்டுக்கு முன்’ என்று ஒரு சிறு கவிதை எழுதினார். நூறு ஆண்டுக்கு முன் நான் இங்கே நடந்து வந்திருந்தால் காலம் என் தோளைத் தொட்டு, அந்த ஆளைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கும் என்கிறார். பார்த்தேனே, படகில் வந்து இறங்கிய யாரோ, சாதாரணப் பையன். மறுபடியும் கேள்வி. சொன்னேனே, நகரத்துச் சோம்பேறி போலிருக்கிறான், ஒல்லி, பழுப்புத் தலைமுடி. இருட்டுகிற நேரத்தில் ஒரு நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கிறான், எல்லாரும் பார்ப்பதுபோல. மூன்றாம் முறையும் கேள்வி வந்ததும் கிழவருக்கு எரிச்சல் வருகிறது. விடப்பா, இன்னும் பதினைந்து மைல் நடக்க வேண்டும், முட்டி வலிக்கிறது, பார்த்துவிட்டேன் என்று சொல்லித் தொலைத்தேனே! அப்போதுதான் காலம் சொல்கிறது: அந்த ஆள் ரோமுக்குப் போகிறான், சாவுக்கு. இப்போது அவனைக் கவனிப்பது நீயும் நானும் மட்டும். நூறு ஆண்டு போகட்டும், உலகம் அவன் பின்னால் வரும்.

இதில் புகழ்ச்சி என்று ஒரு சொல் கிடையாது. கீட்ஸின் பெயர்கூடக் கிடையாது. நட்சத்திரம் மட்டும் இருக்கிறது; கீட்ஸின் ‘ஒளிரும் விண்மீன்’ சானட்டைப் படித்தவர்களுக்கு அது போதும், படிக்காதவர்களுக்கும் கவிதை குறைபடாது. முட்டி வலி எவ்வளவு முக்கியம் பாருங்கள். மேதை ஒருவன் எதிரே நிற்கும்போது நமக்கெல்லாம் வீட்டுக்குப் போகும் அவசரம்தான் இருந்திருக்கும்.

ஷெல்லிக்கும் ஹார்டி இதையே செய்தார். 1887-இல் லிவோர்னோ பக்கம் போனபோது, ஷெல்லி 1820-இல் அங்கே கேட்டுப் பாடிய வானம்பாடியின் தூசு இங்கேதானே எங்கோ கிடக்கும் என்று யோசித்தார். மற்றப் பறவைகளைப்போல் வாழ்ந்து, ஒருநாள் இறகும் எலும்புமான சிறு உருண்டையாக விழுந்திருக்கும். அதற்குத் தான் சாகாவரம் பெற்றது தெரியாது. இப்போது ஏதாவது ஒரு மிர்ட்டில் செடியின் பச்சையிலோ, சரிவில் பழுக்கப்போகும் திராட்சையின் நிறத்திலோ இருக்கலாம். தேவதைகளே, தேடி எடுத்து, வெள்ளி பதித்த பேழையில் வையுங்கள் என்கிறார். கவிஞனை விட்டுவிட்டுப் பறவைக்கு அஞ்சலி! ‘நீ பறவையே அல்ல’ என்று வானம்பாடியைப் பார்த்துச் சொன்னவர் ஷெல்லி. அந்தப் பறவைக்கு எலும்பைத் திருப்பிக் கொடுத்தார் ஹார்டி. பணிவும் சண்டையும் ஒரே கவிதையில்.

நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினக் கவிஞர் கவுன்டி கல்லன், 1925-இல் வந்த தன் முதல் தொகுப்பில் கீட்ஸுக்கு இரண்டு கவிதைகள் வைத்தார். ஒன்று, நீரில் எழுதப்பட்ட பெயர் அல்ல என்று கல்லறை வாசகத்துக்கு மறுப்புச் சொல்லும் நாலு அடிக் கவிதை; அவ்வளவு சிறப்பில்லை. மற்றது வசந்தகாலத்தில் கீட்ஸை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஜான் கீட்ஸ், இதுபோல் ஒரு வசந்தம் வந்ததே இல்லை என்கிறார். வெறும் வசந்தத்துக்கா இவனுக்கு இப்படிப் புத்தி பேதலித்துவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், நீயும் கூட இருந்து கூத்தடிப்பது அவர்களுக்குத் தெரியாது. அலோவே குடிசையில் ஜன்னலைத் திறந்த பையனுக்கு இது பிடித்திருக்கும்.

செப்டம்பர் வந்தால் நம் ஊரில் பாரதிக்கு அஞ்சலிக் கவிதைகள் வரிசை கட்டும். மீசை, முண்டாசு, நெருப்பு, ‘மீண்டும் வா’. எல்லாவற்றிலும் ஒரே பாரதி. சில சமயம் எழுதியவரே மீசை ஒட்டிக்கொண்டு நிற்பார். பாரதிக்கும் ஓர் ஆதர்சம் இருந்தது, அது ஷெல்லி. அவர் செய்தது எளிய காரியம்: ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஷெல்லியைப் பற்றிய சித்திரம் எதுவும் அதில் இல்லாததால் அது பொய்யாகவும் வழியில்லை. தாசன் என்று கையெழுத்திட்டுவிட்டு, எழுதும்போது சித்தர் பாட்டு, சிந்து, கண்ணி ஆகிய வடிவங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். புதுச்சேரியில் அவரைச் சந்தித்த கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பாரதிதாசனிடம் ஈடுபட்ட ராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு, பிறகு அதையும் சுருக்கிச் சுரதா ஆனார். உவமைக் கவிஞர் என்று ஊர் கொண்டாடிய அவருடைய அந்த மூன்றெழுத்தில் தேடினால் சுப்புரத்தினம் கிடைப்பார்; பாரதியும் ஷெல்லியும் கிடைக்கமாட்டார்கள்.